பிரேக் அக்காவின் காரும் முதற்கட்ட ஆய்வும்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கண்டுபிடித்த ஆசாமி அதற்கு முன் ஒரு கூட்டம் கூட்டவில்லை, குழு அமைக்கவில்லை, மேலிடத்து அனுமதி பெறவில்லை. ஏதோ உருட்டினார், உருண்டது. இப்படி முறையாகத் திட்டமிடாமல் செய்த காரியம் என்பதால்தான் சக்கரம் இன்று வரை ஒரு நிலையில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. இந்த வரலாற்றுப் பிழையைத் திருத்துவதற்கென்றே அவதரித்தவர் நம் திட்ட அதிகாரி.

அவர் திட்டப் பிரிவில் துணைத் தலைவர். அவர் தீட்டிய திட்டங்களில் ஒன்றுகூட நிறைவேற்றப்பட்டுக் கெட்டுப்போனதில்லை. பாலத்தை அகலமாக்கும் திட்டம், குழாயை நீளமாக்கும் திட்டம், கூட்ட அறையின் மின்விசிறியைச் சுழல வைக்கும் திட்டம் எல்லாம் புதுக் கருக்குக் கலையாமல் அலமாரியில் இருக்கின்றன. பாலமும் குழாயும் மின்விசிறியும் அப்படியே இருக்கின்றன. இத்தனை பொறுமை யாருக்கு வரும்?

இப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, வீட்டிலேயே, சொந்தக் கையால், ஒரு கார் கட்டுவது என்று முடிவெடுத்தார். வாயில் நுரையோடு வந்து அதை அறிவிக்கவும் செய்தார். யாருக்கும் புரியாததால் கொப்பளித்துவிட்டு வந்து மறுபடியும் அறிவித்தார்.

இந்த முடிவுக்குக் காரணம் அவர் மனைவி. அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் இருந்தது ஒரு சின்ன சிவப்புக் கார். அதுதான் அவளுக்குப் பள்ளிக்கூடம், ஆபீஸ், பிழைப்பு எல்லாம். கற்றுக்கொள்கிறவர் பக்கம் ஒரு பிரேக் இருப்பதுபோல, பக்கத்து சீட்டில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்த இரண்டாவது பிரேக்கால் எத்தனையோ மதில் சுவர்களையும், பூனைகளையும், 'நமக்கென்ன' என்று நடந்துபோன பெரிய மனிதர்களையும் அவள் காப்பாற்றியிருக்கிறாள். அதனாலேயே எல்லோருக்கும் அவள் 'பிரேக் அக்கா'.

கல்யாணமான புதிதில் அதிகாரியும் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். ஒரே ஒரு நாள். தெருமுனை வருவதற்குள் அவள் மிதித்த பிரேக்குகளை அவர் இன்று வரை மன்னிக்கவில்லை. தெருமுனை மின்கம்பத்தின் மேல் கார் மோதியிருக்கவே மோதியிருக்காது, கடைசி நேரத்தில் ஏதாவது நடந்திருக்கும் என்பது அவர் கட்சி. அன்று இறங்கியவர் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஆனால் மனசுக்குள் ஒரு லட்சியம் மட்டும் ஊறிக்கொண்டே இருந்தது.

"நான் கட்டப் போற கார்ல பக்கத்து சீட்டுக்குப் பிரேக்கே கிடையாது" என்றார்.

"கடையில விக்கிற எல்லாக் காரும் அப்படித்தானே இருக்கு?" என்றாள் பிரேக் அக்கா.

"அதெல்லாம் பிரேக் வைக்க மறந்துபோன காருங்க. இது வேணாம்னு முடிவு பண்ணி வைக்காத கார். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு."

அவள் கார் சாவியை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாள். மின்கம்பத்தை நினைத்துக்கொண்டாளோ என்னவோ.

உடனே குழு அமைக்கப்பட்டது. தலைவர், சந்தேகமென்ன, அதிகாரியே. தொழில்நுட்ப ஆலோசகர் அவருடைய மச்சினர். அதாவது பிரேக் அக்காவின் தம்பி. செல்போன் கடை வைத்திருப்பவர். கார் கட்டுவது பற்றிப் போனில் ஏகப்பட்ட வீடியோ பார்த்திருந்தார், எல்லாவற்றையும் பாதி வரைக்கும். மூன்றாவது உறுப்பினர் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். நல்ல கருவிகள் வைத்திருந்தது அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான். அதோடு, எவ்வளவு இறுகிப்போனதையும் பிடுங்கி எடுப்பதில் கைராசிக்காரர்.

முதல் கூட்டம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தது. காருக்கு எஞ்சின் எங்கிருந்து வரும் என்ற அற்ப விஷயத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு, ஹாரன் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை ஆழமாக விவாதித்தார்கள்.

"சிங்கம் உறுமற மாதிரி இருக்கணும் மாமா" என்றார் மச்சினர்.

"உறுமினா எதிர்ல வர்றவன் பயந்து நம்ம மேலேயே விட்டுடுவான் மாப்ளே. தொண்டையைச் செருமற மாதிரி இருந்தாப் போதும். மரியாதையா ஒதுங்குவாங்க."

"சீட்டு நல்லாச் சாயணும்" என்றார் பல் டாக்டர். "தலைக்கு மேல ஒரு லைட்டு. பக்கத்துல கொப்பளிக்கச் சின்னதா ஒரு தொட்டி."

"கார்ல எதுக்கு டாக்டர் கொப்பளிக்கணும்?"

"சாய்ஞ்சு உக்காந்தா எல்லாரும் கொப்பளிக்கத்தான் செய்வாங்க. என் அனுபவத்துல சொல்றேன்."

கதவு மேல் நோக்கித் திறக்க வேண்டும் என்று மச்சினர் அடம் பிடித்தார். கார் நிறுத்தும் ஷெட்டின் கூரை தாழ்வாயிற்றே என்று கேட்டபோது, கூரையைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். சேர்த்துக்கொள்ளப்பட்டது. நிறம் பற்றிப் பேச ஒரு துணைக் குழு அமைக்கப்பட்டது. அந்தத் துணைக் குழுவிலும் இதே மூவர்தான். அவர்கள் நாற்காலியை மட்டும் மாற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

நடுவில் பிரேக் அக்கா வந்து தண்ணீர்க் குவளையை எடுத்தாள்.

"கார் கட்டுங்க, ராக்கெட் கட்டுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா என் காரை மட்டும் தொடாதீங்க. திங்கக்கிழமை காலையில, என்கிட்ட கத்துக்கிற நர்ஸுக்கு லைசன்ஸ் டெஸ்ட் இருக்கு. பாவம், ரெண்டு தடவை தேதி தள்ளிப்போய் இப்பதான் கிடைச்சிருக்கு. லைசன்ஸ் இருந்தாத்தான் வீடு வீடாப் போய்ப் பார்க்கிற வேலைக்கு அவளை எடுப்பாங்களாம். காரை நாமதான் கொண்டுபோகணும்."

"உன் காரை யாரும் தொட மாட்டோம்" என்றார் அதிகாரி, நெஞ்சில் கை வைத்து. அவர் வாக்குத் தவறாதவர். தொட மாட்டேன் என்றாரே தவிர, ஆய்வு செய்ய மாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை என்பதை நேர்மையுள்ள யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரேக் அக்கா தன் அக்கா வீடு மாற்றுவதற்கு ஒத்தாசையாகப் போய்விட்டாள். மறுநாள் டெஸ்டுக்காகச் சிவப்புக் காரைக் கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, ஷெட்டில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போனாள். கார் களைத்துவிடக் கூடாதாம்.

அவள் போன பஸ் திரும்புவதற்குள் குழு ஷெட்டில் கூடிவிட்டது.

"நம்ம ஆபீஸ் விதி என்ன சொல்லுது?" என்று ஆரம்பித்தார் அதிகாரி. "புதுசா எதையும் கட்டறதுக்கு முன்னாடி, ஏற்கனவே இருக்கிறதை ஆய்வு செய்யணும். பாலம்னா பழைய பாலத்தை. கார்னா..."

மூவரும் மரியாதையாகச் சிவப்புக் காரைப் பார்த்தார்கள்.

"ஸ்டியரிங் மட்டும் அளந்துட்டு விட்டுடுவோம்" என்றார் அதிகாரி.

ஸ்டியரிங்கை அளக்க அது கையில் இருந்தால் வசதி என்று தோன்றியது. கழற்றினார்கள். கழற்றியபின் அதன் அடியில் இன்னொன்று தெரிந்தது. அது என்ன என்று பார்க்காமல் விடுவது ஆய்வுக்கு அழகா? அதைப் பார்க்க சீட்டு இடைஞ்சலாக இருந்தது. சீட்டைத் தூக்கிய பிறகு கதவு எதற்கு என்று மச்சினர் கேட்டார். நியாயமான கேள்வி.

போனட்டைத் திறக்குமுன் அதிகாரி சிற்றுரை ஆற்றினார். இந்த போனட்டைத் திறந்து வைப்பதில் தாம் அடையும் மகிழ்ச்சிக்கு அளவில்லை என்றார். போனட் திறக்கவில்லை. பல் டாக்டர் குனிந்து, அதன் இடுக்கில் சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க. லேசா ஒரு அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்" என்றார் காரிடம்.

படக்கென்று திறந்தது. அதற்குப் பிறகு டாக்டரை யாராலும் நிறுத்த முடியவில்லை. மனிதர் வாழ்நாள் முழுக்க ஆளுக்கு முப்பத்திரண்டு என்ற கணக்குக்குள் அடங்கிக் கிடந்தவர். இங்கே திறந்த வாய்க்குள் எண்ணி முடியாத அளவுக்கு இருந்தது, ஒன்றும் அலறவுமில்லை. ஆட்டி ஆட்டி எடுத்தார். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நல்ல வேர்" என்று பாராட்டினார்.

கழன்ற திருகாணி, போல்ட்டு, நட்டு எல்லாவற்றையும் டாக்டர் தம்முடைய ஒரே ஒரு பெரிய பேசினில் போட்டார். தொழில் தர்மம் தவறாதவர் அவர். எடுத்ததைச் சுத்தம் செய்யாமல் வைத்துப் பழக்கமில்லை. கொதிநீர் ஊற்றி, மருந்து கலந்து, கிருமி நீக்கி, அலசி, கலக்கி, இன்னொரு முறை அலசினார். கொஞ்ச நேரத்தில் காரின் சகல இணைப்புகளும், எது எங்கிருந்து வந்தது என்ற ஏற்றத்தாழ்வே இல்லாமல், ஒரே பேசினில் பளபளவென்று ஒன்றாகக் கிடந்தன. கிரீஸ் என்ற ஒன்று அந்தப் பரம்பரையிலேயே இருந்ததற்கு அடையாளம் இல்லை.

"இப்ப இதுல ஒண்ணை எடுத்து வாயில போட்டாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றார் டாக்டர் பெருமையாக.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த அதிகாரி பேசினை எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, இதைத் திரும்ப மாட்டிடலாம்ல?"

"என்ன மாமா நீங்க! பிரிச்சது பூராவும் வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். அப்படியே பின்னாலேர்ந்து ஓட்டிப் பார்த்தா, மாட்டற வீடியோ ஆயிடும்."

இவனல்லவோ மச்சான் என்று அதிகாரி பூரித்துப்போனார். மூவரும் போனைச் சுற்றிக் குனிந்தார்கள். வீடியோ ஓடியது. அதில் ஆரம்பம் முதல் கடைசி வரை, அதாவது கடைசி முதல் ஆரம்பம் வரை, மச்சினரின் முகம் இருந்தது. முன்பக்கக் கேமராவில் எடுத்திருந்தார். முகம் வியந்தது, சிரித்தது, ஒரு கட்டத்தில் தும்மலை உள்ளே இழுத்துக்கொண்டது. கார் எங்குமே இல்லை.

"வெளிச்சம் நல்லா வந்திருக்கு" என்றார் டாக்டர்.

ஆளுக்கொரு திருகாணியை எடுத்து, காரில் தெரிந்த ஓட்டைகளில் எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். சில உள்ளே போயின. போனவை திரும்பி வரவில்லை. வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பஸ் வருகிற நேரம். அதிகாரி அவசரக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார்.

நெருக்கடியில்தான் மேதைகள் பிரகாசிக்கிறார்கள். அதிகாரி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திறந்தபோது முகத்தில் ஒரு தெளிவு.

"நாம இதைத் தப்பாப் பார்க்கிறோம். பிரிஞ்சு போன ஒரு கார்னு பார்க்கிறோம். ஏன் அப்படிப் பார்க்கணும்? வீட்டுல கார் கட்டறவன் உதிரி பாகம் சேர்க்கறதுக்கே வருஷக்கணக்கா அலையறான். நமக்கு ஒரே நாள்ல அத்தனையும் சேர்ந்திருக்கு! எஞ்சின் இருக்கு. சக்கரம் இருக்கு. கதவு இருக்கு. எல்லாம் ஒரே கம்பெனிச் சரக்கு, ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். நம்ம திட்டத்தோட முதற்கட்டம் முடிஞ்சாச்சு!"

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. டாக்டர் கை தட்டினார். அந்தச் சத்தத்தோடு சத்தமாக வாசல் கதவு திறந்தது.

பிரேக் அக்கா ஷெட்டு வாசலில் நின்றாள். காரின் வெறும் கூட்டைப் பார்த்தாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த கதவுகளைப் பார்த்தாள். மேசை மேல் கிடந்த அவளுடைய பிரேக் பெடலைப் பார்த்தாள். கையிலிருந்த பை தானாகக் கீழே இறங்கியது.

"இது என்ன?"

"முதற்கட்டம்" என்றார் அதிகாரி.

"தொட மாட்டேன்னு சொன்னீங்களே."

"தொட்டதெல்லாம் டாக்டர்தான். கையுறை போட்டுத்தான் தொட்டார்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அதிகாரிக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குடும்பத்தில் ஒத்துழைப்பு இல்லை என்று எழுதி வைத்திருக்கலாம். அவள் தரையில் உட்கார்ந்து, பெடலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?" என்று மட்டும் கேட்டாள். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து மச்சினருக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் அவர் ஆலோசகர் என்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

பிரேக் அக்கா கூப்பிட்டு மெக்கானிக் வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். பேசினில் கையை விட்டு ஒரு போல்ட்டை எடுத்து முகர்ந்தார்.

"பிரிச்சாங்க, சரி. இதையெல்லாம் ஏன் குளிப்பாட்டினாங்க?"

டாக்டர் கையுறையை மெல்லக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொண்ணா வெச்சுப் பார்த்துத்தான் மாட்டணும்கா. இந்த வாரம் முடியாது. அடுத்த வாரமும் சந்தேகம்தான். கூட்டை முதல்ல என் பட்டறைக்கு இழுத்துட்டுப் போறேன், மத்ததை அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

பிரேக் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் ஏராளம். முதலில் யாரைக் கூப்பிட்டாள் என்று அதிகாரிக்குத் தெரியவில்லை. மறுநாள் காலையில் வாசலில் ஒரு நீளமான கறுப்புக் கார் வந்து நின்றபோது தெரிந்தது. அதிலிருந்து இறங்கியவர் திட்டப் பிரிவின் இயக்குநர். அதாவது, அதிகாரி எவருடைய அறைக்கு வெளியே செருமுவதற்குக்கூட யோசிப்பாரோ, அவர்.

"சக்கரத்தை நேராத் திருப்பி நிறுத்தினியா?" என்றாள் பிரேக் அக்கா.

"நிறுத்திட்டேன்கா."

"வரும்போது கண்ணாடி பார்த்தியா?"

"பார்த்தேன்கா. ஒரே ஒரு திருப்பத்துல மட்டும் மறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

அதிகாரி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். தூண் ஒல்லி.

பிரேக் அக்கா நர்ஸைக் கூட்டிக்கொண்டு அந்தக் கறுப்புக் காரில் போனாள். பழகாத வண்டி. பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை. ஆனாலும் போகிற வழியெல்லாம் பிரேக் அக்காவின் பாதம் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. "உனக்கு எல்லாம் தெரியும். வண்டிதான் வேற, ரோடு அதே ரோடுதான்" என்று சொல்லிக்கொண்டே போனாள். நர்ஸ் பாஸ் செய்துவிட்டாள். இறங்கி வந்து பிரேக் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ஆனால் நம் கதை திட்டத்தைப் பற்றியது. தேறியவர்களைப் பற்றி நமக்கென்ன?

கார் திரும்பி வரும் வரை அங்கேயே காத்திருந்த இயக்குநர், ஷெட்டில் என்ன நடந்தது என்று அதிகாரியிடம் விசாரித்தார். அதிகாரி, "ஆய்வு சார். முதற்கட்டம்" என்றார். இயக்குநர் பேசினையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அதிகாரியின் தோளைப் பிடித்தார்.

"நம்ம பிரிவு ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, ஒரு திட்டத்தை நிஜமாவே தொடங்கின முதல் ஆள் நீங்கதான்யா."

அந்த வெள்ளிக்கிழமையே பாராட்டுக் கூட்டம். அலுவலகக் கூட்ட அறையில், சுழலாத மின்விசிறியின் கீழ், முன் மேசையில் வெள்ளைத் துணி விரித்து அந்தப் பேசினைக் காட்சிக்கு வைத்தார்கள். பல் டாக்டர் கையுறையோடு அதன் பக்கத்தில் நின்றார். மச்சினர் வீடியோ எடுத்தார், இந்த முறையும் தம் முகத்தைத்தான். அதிகாரிக்கு ஒரு கேடயம் தரப்பட்டது. அவர் உருக்கமாகப் பேசினார். வீட்டில் இருக்கும் பொருளிலிருந்தே பெருந்திட்டங்கள் பிறக்கின்றன என்றார். கரவொலி அடங்கச் சற்று நேரம் ஆயிற்று.

உற்சாகம் தொற்றிக்கொண்டது. கணக்குப் பிரிவுத் தலைவர் எழுந்தார். தாமும் சொந்தமாக ஒரு இயந்திரம் கட்ட நினைத்திருப்பதாகவும், முதற்கட்டமாகத் தம் மனைவியின் தையல் மிஷினை ஆய்வு செய்யப் போவதாகவும் அறிவித்தார். அவள் ஊருக்குப் போகும் நாளுக்காகக் காத்திருக்கிறாராம். சட்டப் பிரிவுக்காரருக்குத் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டர் மேல் கண். அவள் அதில்தான் வேலை செய்து பிழைக்கிறாள். ஆகவே நல்ல நிலையில் இருக்கும் என்றார். இன்னொருவர் தம் மாமியாரின் காது மெஷின் சின்னதாக இருப்பதால் தொடக்கத்துக்கு உகந்தது என்றார். ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் தலையாட்டினார்.

அப்போதுதான் பிரேக் அக்கா உள்ளே வந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. பட்டறையில் மெக்கானிக் காத்திருந்தார். பேசின் இல்லாமல் அவரால் ஒரு கதவைக்கூட மாட்ட முடியாது. அந்த வாரம் முழுக்க அவளுக்கு வகுப்பு இல்லை, வருமானம் இல்லை. பழகிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள்.

"வாங்கக்கா!" என்று இயக்குநர் எழுந்தார். "ஆய்வுப் பொருள் கொடுத்து உதவினவங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க."

"நான் ஒண்ணும் குடுக்கலை. எடுத்துக்கிட்டாங்க" என்றாள். பேசினைத் தூக்க வந்தவள் கையை எடுத்துவிட்டு, அறையை ஒரு முறை பார்த்தாள். "வெளியில இருந்து கேட்டுட்டேதான் இருந்தேன். தையல் மிஷின், கம்ப்யூட்டர், காது மெஷின்னு பெரிய பெரிய திட்டமா இருக்கு. ரொம்ப சந்தோஷம். எனக்கும் ஆராய்ச்சியில ஆசை வந்துடுச்சு. எனக்கு ஒரு கடிகாரம் கட்டணும்."

"பலே!" என்றார் இயக்குநர்.

"டாக்டர் இங்கேயே இருக்கார். பேசினும் இருக்கு. எல்லார் கையிலயும் நல்ல நல்ல வாட்ச் இருக்கு. யாராவது ஒருத்தர் கழட்டிக் குடுங்க, முதற்கட்டத்தை இப்பவே முடிச்சிடலாம்."

டாக்டர் ஆவலோடு இடுக்கியை எடுத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

திட்டப் பிரிவு வரலாற்றிலேயே, எந்த விவாதமும் இல்லாமல், துணைக் குழுவும் இல்லாமல், ஒருவருக்கொருவர் கலந்து பேசாமலேயே எல்லோரும் ஒருமனதாக, ஒரே நொடியில் நிறைவேற்றிய முதல் காரியம் அன்று நடந்தது. இயக்குநர் முதல் அதிகாரி வரை அத்தனை பேரும் வலது கையால் தங்கள் இடது மணிக்கட்டை இறுகப் பொத்திக்கொண்டார்கள்.